ஒபரேஷன் முடிந்தது, தராசு ஏன் அசையவில்லை?

வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றேதான்: "மிஸ், எனக்கு மட்டும் ஏன் குறையவில்லை?" உணவு ஆலோசனை சொல்லும் வேலை என்பதால் கிளினிக்கிலும் இதைக் கிழமைக்கு நாலு தடவையாவது கேட்கிறேன். சிலருக்கு நீளமாக, சிலருக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் போலாக்கும் ஒபரேஷன்) செய்து ஐந்து மாதம். 112 கிலோ இருந்தேன், இப்போது 93. மூன்று கிழமையாக அங்கேயே நிற்கிறது. அதே மாதம் செய்துகொண்ட கொழும்பு மச்சான் 30 கிலோ குறைந்துவிட்டார். என் ஒபரேஷன் பிழையாகிவிட்டதா? (ஹட்டன் வாசகர்)

இல்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம். 112இல் 19 கிலோ என்றால் 17 சதவீதம். ஸ்லீவ் செய்தவர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஆரம்ப எடையில் 25 முதல் 30 சதவீதம் வரை குறைவார்கள். உங்களுக்கு அது 28 முதல் 33 கிலோ. அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. மச்சானின் ஆரம்ப எடையை நீங்கள் எழுதவில்லை. 150 கிலோ இருந்தவருக்கு 30 கிலோ என்பது 20 சதவீதம்தான். இருவருக்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை.

முதல் மாதத்தில் மளமளவென்று இறங்கியதில் பெரிய பங்கு தண்ணீர். ஈரலும் தசையும் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது செலவாகி, தண்ணீரும் வெளியே போகும். அந்த வேகம் திரும்ப வராது. அதோடு 93 கிலோ உடம்புக்கு 112 கிலோ உடம்பு அளவுக்குச் சக்தி தேவையில்லை. அதனால் போகப்போக மெதுவாகத்தான் குறையும். நடுநடுவே இரண்டு, மூன்று கிழமை நிற்பது அனேகமாக எல்லோருக்கும் நடக்கிறது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதில் ஒரு பகுதியை விளக்கவே தேவையில்லை. மழை நாளில் கூடை கனக்கும். அத்தனையும் இலையில்லை, ஈரம் என்று சொல்லிக் கிலோவைக் கழிப்பார்கள். (அந்தக் கழிவு நியாயமா என்பது வேறு சண்டை.) உங்கள் வீட்டுத் தராசுக்கு ஈரம் கழிக்கத் தெரியாது. இரவு கருவாட்டுக் குழம்பு, மறுநாள் அரைக் கிலோ கூடுதல். நாலு நாள் மலம் போகாவிட்டாலும் அப்படித்தான். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னும் இதே கதை.

ஆகவே கிழமைக்கு ஒரு நாள், காலையில் கக்கூசுக்குப் போய்வந்த பிறகு, ஒன்றும் குடிக்காமல் நிறுங்கள். சீமெந்துத் தரையில் வையுங்கள். குளிர் என்று கம்பளிப் பாயின் மேல் தராசை வைத்துவிட்டு, நாளுக்கொரு எடை காட்டுகிறது என்று அழுத ஒருவரை எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை இடுப்பையும் தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். பெல்ட்டில் புதிதாக எத்தனை ஓட்டை போட்டீர்கள் என்பதையும் எனக்கு எழுதலாம்.

இரண்டு, மூன்று மாதமாக அசையவே இல்லை, அல்லது திரும்பக் கூடுகிறது என்றால் பொறுமை பேசிக்கொண்டிருக்காமல் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். நாள் கணக்கில் வாந்தி என்றால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவே கூடாது. பி1 விட்டமின் சீக்கிரம் தீர்ந்து நரம்பைப் பாதிக்கும்.

நேரத்துக்கு மூன்று கவளம்தான் இறங்குகிறது. அப்படியும் குறையவில்லை. "காற்றைக் குடித்தே உடம்பு போடுகிறாள்" என்கிறார் மாமியார். (பண்டாரவளை வாசகி)

கவளத்தை விடுங்கள், கோப்பையைப் பார்ப்போம்.

கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, மகனின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு கிழமைச் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வந்தார். சோறு இரண்டு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, போஞ்சி. குறை சொல்ல இடமில்லை. "தேத்தண்ணி?" என்றேன். "அதையுமா எழுதணும்?" என்றார். எழும்பியதும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று என்று நாளுக்கு ஐந்து. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி சுமார் நாலு கிராம், 16 கலோரி. நாளுக்கு 240 கலோரி, வயிற்றில் தங்காமலேயே இறங்கிப் போகிறது. பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்தால் அதுவும் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். சிறிதாக்கிய வயிறு திடமான சாப்பாட்டைத்தான் தடுத்து நிறுத்தும், குடிப்பதை அல்ல.

மலையில் பிறந்தவரிடம் தேத்தண்ணியை விடு என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. சீனியைக் கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அப்புறம், தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள். நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். காய்ந்த சோயா மீட்டில் பாதி எடை புரதம், விலையும் கையைக் கடிக்காது. கோதுமை மா ரொட்டி பிசைந்த மாவாகத் திரண்டு அடைக்கும், ஆரம்ப மாதங்களில் வேண்டாம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் நாள் முழுக்க ஒன்றரை லீட்டராவது உள்ளே போக வேண்டும். இந்தக் குளிரில் தாகமே எடுக்காது. போத்தலில் அளந்து வைத்துக்கொள்வதுதான் வழி.

நாலாவது மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. (ஹப்புத்தளை)

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். புரதமும் இரும்புச்சத்தும் போதுமா என்று பாருங்கள். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. கல்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பைபாஸ் (வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் ஒபரேஷன்) செய்து ஆறு கிழமை. கொழுந்துக்குப் போகலாமா? முதுகு வலிக்கு மாத்திரை போடலாமா? (தலவாக்கலை)

நடக்கலாம், மலை ஏறி இறங்கலாம். ஆனால் நிறைந்த கூடையைத் தலையில் மாட்டுவதற்கு முன் சர்ஜன் காயத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: டைக்ளோஃபெனாக், ஐபியூபுரோஃபன் வேண்டாம். குடலை இணைத்த இடத்தில் புண் வரும். பரசிட்டமோல் போடலாம். பாமசியில் "பைபாஸ்" என்று மட்டும் சொன்னால் இதய ஒபரேஷன் என்று நினைப்பார்கள், வயிறு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த தையில் கல்யாணம். ஒபரேஷன் செய்து ஏழு மாதம். உடனே பிள்ளை வேண்டுமென்கிறார்கள். (நுவரெலியா)

கல்யாணத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். பிள்ளை, ஒபரேஷன் செய்த நாளிலிருந்து 12 முதல் 18 மாதம் போகட்டும். எடை வேகமாகக் குறையும்போது குழந்தைக்குச் சத்துப் போதாமல் போகலாம். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு முறை கேளுங்கள். வீட்டாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள், நாங்கள் சொல்கிறோம்.

வயது 56, பத்து வருடமாகச் சீனி வருத்தம். பைபாஸ் செய்து எட்டு மாதத்தில் 14 கிலோதான். இதற்கா இவ்வளவு பாடு? (பதுளை)

வயது கூடினாலும் சீனி வருத்தம் இருந்தாலும் மெதுவாகத்தான் குறையும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன்: "ஊசியை நிறுத்திவிட்டார்கள்." பத்து வருட வருத்தத்தில் அது 14 கிலோவை விடப் பெரிய விஷயம். மிச்ச மாத்திரைகளையும் குறைக்க வேண்டி வரலாம், நீங்களாகக் குறைக்காதீர்கள். சீனி அளவு எழுதிய கொப்பியோடும் மாத்திரைப் பையோடும் போய் டொக்டரிடம் காட்டுங்கள். இடையில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் முடிந்தால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், மேலே தேத்தண்ணியில் குறைக்கச் சொன்ன அதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்ப அளந்து பாருங்கள்.