வாசகர் கேள்வி – பதில்: குடல் நோயுள்ள பிள்ளைக்கு ஒரு வழித்துணை

குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாட்பட்ட குடல் அழற்சி நோய்களோடு வளரும் பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்து இங்கே. அதே நோயோடு சில வருடம் கூடுதலாக வாழ்ந்த இளையவர் ஒருவர் இன்னொரு பிள்ளைக்குத் துணை நிற்பதைத்தான் ‘வழித்துணை’ என்று எழுதுகிறோம்.

மகனுக்கு 16 வயது. போன வருடம் குரோன் நோய் என்றார்கள். கிளினிக்கில் டொக்டர் என்ன கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’ என்பதற்கு மேல் வாய் திறக்கிறான் இல்லை. அதே வருத்தமுள்ள மூத்த பிள்ளை ஒருவரோடு பழக விடச் சொல்கிறார்கள். டொக்டர் சொல்லாத எதை அந்தப் பிள்ளை சொல்லப்போகிறது?
– தாய், சாவகச்சேரி

ரியூசனில் எந்த வாங்கில் இருப்பது என்று டொக்டர் சொல்லமாட்டார், அம்மா. கதவோரம், கடைசி வாங்கு. கேளாமல் எழும்பிப் போவேன் என்று ஆசிரியரிடம் முதலே ஒரு சொல். இதெல்லாம் பட்டவருக்குத்தான் தெரியும்.

எங்கள் பிள்ளைகளின் பெரிய பயம் வெள்ளைச் சீருடை. ஒருமுறை கறை பட்டுவிட்டால், அடுத்த நாளிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகத் தொடங்குவார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் வராது என்பது அவர்களின் கணக்கு. அது பிழை. அழற்சியுள்ள குடல் வெறும் வயிற்றிலும் சளியையும் இரத்தத்தையும் தள்ளும். மிஞ்சுவது மெலிவுதான். இதைத் தாய் சொன்னால் புத்திமதி. அப்படிப் பட்டினி கிடந்து பார்த்த அண்ணா ஒருவர் சொன்னால் பிள்ளை கேட்கும்.

வழித்துணை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒரு சின்னப் பை. பழைய பென்சில் பை போதும். ஒரு உள்ளாடை, ரிஷூ, ஈரத் துடைப்பான் ஒரு சின்னப் பைக்கற், முடிச்சுப் போடக்கூடிய இரண்டு கறுப்புப் பொலித்தீன் பை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வெளியில் வேறாக இருக்கட்டும். எத்தனையோ மலசலகூடங்களில் குழாய் இருக்கும், தண்ணீர் இராது. இன்னொரு வெள்ளைக் காற்சட்டையை நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.

இதைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. இதே மருந்தைக் குடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஒருவர் எதிரே இருந்து தேத்தண்ணி குடிப்பதை உங்கள் மகன் கண்ணால் காண்பான்.

முடிந்தால் குரோனுக்குக் குரோன், கொலைட்டிஸுக்குக் கொலைட்டிஸ் என்று சேருங்கள். குரோன் வாய் முதல் குதம் வரை எங்கும் வரலாம். மற்றது பெருங்குடலோடு நிற்பது. அனுபவமும் அப்படியே வேறுபடும். சந்தித்துவிட்டு வந்தவனிடம் ‘என்ன கதைச்சனீங்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்கு 22 வயது, கம்பஸில் படிக்கிறேன். கொலைட்டிஸ் வந்து ஐந்து வருடம். இரண்டு வருடமாகச் சுகம். சின்னப் பிள்ளைகளுக்கு உதவ விருப்பம். என்ன தகுதி வேண்டும்? எப்படித் தொடங்குவது?
– மாணவி, திருநெல்வேலி

எங்கள் அளவுகோல் இது: ஒரு வருடமாவது நோய் அடங்கியிருக்க வேண்டும், வயது வித்தியாசம் மூன்று முதல் எட்டு வருடம், பெண் பிள்ளைக்குப் பெண். தனியே தொடங்க வேண்டாம். உங்கள் கிளினிக் டொக்டரையோ தாதியையோ கேட்டு, சந்தேகம் வந்தால் அழைக்க ஒருவரை உறுதி செய்யுங்கள். பின்னால் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அது நல்ல சிநேகம்தான், ஆனால் பாரம் முழுவதும் உங்கள் தலையில் விழும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணித்தியாலம், ஆறு மாதம். முடியும் திகதியை முதல் நாளே சொல்லுங்கள். இடத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் மலசலகூடத்தைப் பாருங்கள், கதிரையைப் பிறகு பார்க்கலாம். நூலகம் நல்லது. கூல்பார் வேண்டாம்: பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஐஸ்கிறீமை மறுக்க வெட்கப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் அவதிப்படும். இரவு எட்டு மணிக்குப் பிறகு வட்ஸ்அப் பதில் இல்லை என்பதும் முதல் நாளே சொல்ல வேண்டிய விதி. நடுச்சாமத்தில் பதில் போடத் தொடங்கிய வழித்துணை இரண்டாம் மாதத்தில் களைத்துப்போவார். இந்த நோய்க்குக் களைப்பும் ஆகாது.

மூன்று கேள்வி கட்டாயம் வரும்: ‘எனக்குக் கலியாணம் நடக்குமா?’, ‘வயிற்றில பை வைப்பினமோ?’ (குடல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மலம் சேர வயிற்றின் வெளியே ஒட்டும் பை), ‘செத்துப்போவனோ?’ இவற்றுக்கு வீட்டில் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். பொய் ஆறுதல் வேண்டாம். ‘நோய் அடங்கியிருக்கிற காலத்தில் பிள்ளை பெற்ற பெண்கள் நிறைய. உங்கட மருந்துக்கு என்ன மாதிரி எண்டு டொக்டரிட்டச் சேர்ந்து கேப்பம்’ – இந்த அளவு போதும்.

அதிகம் நடக்கும் பிழை ‘எனக்கு இது சரிவந்தது’ என்ற வசனம். அதற்கு அடுத்தது கைப்பையிலிருந்து குளிசை கொடுப்பது. மாதவிடாய் வலிக்கென்று வைத்திருக்கும் மெபனமிக் அசிட்டை அன்போடுதான் நீட்டுவீர்கள். அதுவும் டைகுளோபினாக், இபுபுரோபன் வகையறாவும் அடங்கிய குடலைக் கிளறக்கூடியவை. உங்கள் வீட்டில் கொப்புளிப்பான் என்றால் சந்திப்பைத் தள்ளிவையுங்கள். குடல் அழற்சியை அடக்கும் அசத்தியோப்பிரின், இன்பிளிக்ஸிமாப் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளைக்கு நோய் எதிர்ப்பு குறைவு.

இரகசியம் காப்பேன் என்று சொல்லும்போதே விலக்கையும் சொல்லுங்கள். தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம், வேறு ஒருவரின் துன்புறுத்தல், ஆபத்தான நோய்க்குறி ஆகிய மூன்றும் உங்களோடு நிற்காது. மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929.

நான் வழித்துணையாக இருக்கும் தம்பி ‘குளிசையை நிப்பாட்டிப்போட்டன், வீட்டில சொல்லாதேங்கோ’ என்கிறான். என்ன செய்வது?
– இளைஞர், கோண்டாவில்

ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை உங்களுக்கும் சொல்லமாட்டான். இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தக் குளிசை, கடைசியாகக் குடித்தது எப்போது?

பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குத் தெரிய வேண்டும். அதை மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தால் உடல் தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் இரண்டும் இல்லை. சத்தி, தலைச்சுற்று, இரத்த அழுத்தம் விழுதல் எல்லாம் வரும். படிப்படியாகக் குறைப்பது அதனால்தான். பெரும்பாலும் நிறுத்துவதற்குக் காரணம் முகம். ஊதிப்போய்ப் பரு போட்ட முகத்தோடு வகுப்புக்குப் போக மனம் வராது. அளவு குறையக் குறைய முகம் பழையபடி வரும் என்று உங்கள் பழைய படம் ஒன்றைக் காட்டிச் சொல்லுங்கள்.

அசத்தியோப்பிரின் வேறு கதை. அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஆறாம் கிழமையில் ‘ஒண்டும் நடக்கேல்லை’ என்று விடுவார்கள். அதற்கான இரத்தப் பரிசோதனையைத் தவற விடுவதும் ஆபத்து, வெள்ளணு குறையலாம்.

‘நான் சொல்லமாட்டன்’ என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். ‘நீயே சொல்லு, நான் பக்கத்தில இருக்கிறன்’ என்று போனை அவன் கையில் கொடுங்கள்.

ஒரு நாளில் ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. வயிறு ஊதி, சத்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டாலும் அப்படித்தான். 1990 அம்புலன்ஸ்.

பேரனுக்குப் பனங்கிழங்கு கொடுக்க வேண்டாம் என்று அவனோடு பழகும் அண்ணா சொல்லிவிட்டாராம். ஊர்ச் சாப்பாடு கூடாதா?
– அம்மம்மா, பருத்தித்துறை

குரோனில் குடல் சில இடங்களில் ஒடுங்கிப்போகலாம். அப்படி ஒடுங்கின குடலில் கிழங்கின் தும்பும் முருங்கைக்காய்ச் சக்கையும் சிக்கிக்கொள்ளலாம். அந்த அண்ணாவுக்கு ஒடுக்கம் இருந்திருக்கும். உங்கள் பேரனுக்கு இருக்கிறதா என்பது ஸ்கானில்தான் தெரியும். இல்லையென்றால், நோய் அடங்கிய காலத்தில் கிழங்கை நன்றாக அவித்து, நடுத் தும்பை இழுத்தெடுத்துவிட்டுக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பத்தியம் இந்த நோயில் இல்லை. அந்த அண்ணா நல்லவர்தான், ஆனால் சாப்பாட்டுப் பட்டியல் கொடுப்பது அவர் வேலை அல்ல.

நெடுந்தீவில் இருக்கிறேன், வயது 17. குறிகட்டுவானுக்குப் படகேறவே பயம். போனில் வழித்துணை சரிவருமா?
– மாணவர், நெடுந்தீவு

சரிவரும். முதல் சந்திப்பை மட்டும் உங்கள் கிளினிக் திகதியோடு சேர்த்து நேரில் வையுங்கள். முகம் தெரியாத குரலிடம் மலத்தைப் பற்றிக் கதைப்பது கஷ்டம். படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், இடையில் இறங்க முடியாது. ஆகவே கிளினிக் நாளில் வழக்கத்தை விட ஒன்றரை மணித்தியாலம் முந்தி எழும்பி, அவசரமில்லாமல் இரண்டு தரம் போய்வர நேரம் விடுங்கள். வெளிக்குப் போவதை நிறுத்தும் மருந்தைக் கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம். நோய் கிளம்பியிருக்கும்போது அது பெருங்குடலை ஆபத்தாக வீங்கவைக்கலாம்.

வீடு சிறியதென்றால் பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அப்போது ‘ஓம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடியதாகவே கேள்வி கேட்கச் சொல்லி வழித்துணையிடம் முதலே கதைத்துவையுங்கள். மிச்சத்தைக் கடற்கரைப் பக்கம் நடந்துபோய்க் கதைக்கலாம்.