கூடைப்பந்து நடுவர் வீரர்களின் ஃபவுல் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அது மைதான ஓரத்து மேசையில் கணக்கு எழுதும் ஸ்கோரரின் வேலை.

ஃபவுல் என்றால் விதிக்குப் புறம்பாக எதிராளியை இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது. ஒழுங்கீனமான நடத்தையும் அதில் சேரும். நம் ஊரில் ஆடும் சர்வதேச விதிப்படி ஒருவர் 5 ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏவில் 6.

நடுவர் விசில் ஊதி, மேசைப் பக்கம் திரும்பி, வீரரின் சட்டை எண்ணை விரல்களால் காட்டுவார். ஸ்கோரர் தாளில் குறித்துக்கொள்வார்; அது அந்த வீரருக்கு எத்தனையாவது ஃபவுல் என்று மேசையிலிருந்து எண் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஐந்தாவது என்றால் ஸ்கோரர் உடனே நடுவருக்குச் சொல்வார்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? நடுவரின் கண் பந்திலும் கைகால்களிலும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், 'இவனுக்கு ஏற்கெனவே நாலு ஆச்சே' என்ற நினைப்பு வந்துவிட்டால் விசில் தயங்கும். நட்சத்திர வீரர் என்றால் கேட்கவே வேண்டாம்! மன்னார்குடிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள்: எடை போடுகிறவர் தராசை மட்டும் பார்ப்பார், மூட்டைக் கணக்கை இன்னொருவர் எழுதுவார். இரண்டையும் ஒருவரே செய்தால் சாயங்காலம் சண்டைதான்.

அப்புறம், ஐந்து ஃபவுல் ஆனால் கால்பந்தின் சிவப்பு அட்டை போல அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 30 விநாடிக்குள் மாற்று வீரர் இறங்கிவிடுவார்.