மூக்கோரம் பரு, தலையில கட்டி... ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு. காலேஜ் படிக்கும்போதே மூக்கு ஓரத்துல தோல் கலர்லயே குட்டி குட்டியா வர ஆரம்பிச்சுது, பருன்னு நெனச்சு எவ்வளவோ க்ரீம் போட்டும் போகல. இப்ப தலையில முடிக்குள்ள மூணு கட்டி, வழவழன்னு இருக்கு. ஒண்ண எடுத்து டெஸ்ட் பண்ணதுல ‘சிலிண்ட்ரோமா’ன்னு ரிப்போர்ட் வந்துருக்கு. எங்கம்மாவுக்கும் தலையில இப்படி இருக்கு. இது கேன்சரா? என் பொண்ணுக்கும் வருமா?

பதில்: கேன்சர் இல்லம்மா. சிலிண்ட்ரோமாங்கறத வியர்வைச் சுரப்பி கட்டின்னுதான் ரொம்ப காலமா சொல்லிட்டு வராங்க, சாதாரண கட்டிதான். மூக்கோரம் இருக்கறது முடி வேர்ல இருந்து வர்ற ட்ரைக்கோஎபிதீலியோமாவா இருக்கலாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்து, அம்மாவுக்கும் இருந்துச்சுன்னா ப்ரூக்-ஸ்பீக்ளர் சிண்ட்ரோம்ங்கற பரம்பரை வியாதியான்னுதான் முதல்ல யோசிப்போம். செல்லு கண்டபடி பெருகாம பாத்துக்கற சிஒய்எல்டின்னு ஒரு ஜீன் 16-வது குரோமோசோம்ல இருக்கு, அதுல கோளாறு இருந்தா இப்படி விதவிதமா கட்டி வரும், சிலருக்கு தலை முழுக்க பரவி தலைப்பா கட்டின மாதிரியே ஆயிடும், ஆனா எல்லாருக்கும் அந்த அளவு போகாது, ஒரே வீட்லயே ஒருத்தருக்கு நாலு இருக்கும் இன்னொருத்தருக்கு நாப்பது இருக்கும்.

ஆனா மூக்குல இருக்கறதுலயும் ஒண்ண பயாப்ஸி பண்ணிடுங்க. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்னு வேற ஒரு வியாதியிலயும் அதே எடத்துல கிட்டத்தட்ட இப்படியே வரும், அது மூளை, கிட்னி வரைக்கும் போற சமாச்சாரம், வெறும் கண்ணால பாத்து முடிவு பண்றது எனக்கு சரியா படல.

பெரிய கட்டிய ஆபரேஷன்ல எடுத்துடலாம், மூக்குல இருக்கற சின்னதுக்கு லேசர் பண்ணலாம். திரும்பவும் புதுசா வரும், அதனால ஒரே தடவையில க்ளியர் பண்றேன்னு யாராவது பேக்கேஜ் சொன்னா காச குடுத்துடாதீங்க. அபூர்வமா ஒண்ணு ரெண்டு கேன்சரா மாறும், அதனால திடீர்னு வேகமா வளந்தாலோ, புண்ணாகி ரத்தம் வந்தாலோ உடனே காட்டிடணும். வலிக்கற கட்டி வந்தா ஸ்பைரடினோமாங்கற இன்னொரு வகை கட்டியா இருக்கலாம், அதுவும் இதே ஜீன் கோளாறுல வர்றதுதான்.

பொண்ணு விஷயம்: ஜீன்தான் காரணம்னா ஒவ்வொரு புள்ளைக்கும் 50 சதவீதம் சான்ஸ், ஆணா பொண்ணாங்கறது கணக்கே இல்ல. பெரும்பாலும் டீன் ஏஜ்லயோ அதுக்கு மேலயோதான் தெரிய ஆரம்பிக்கும், அதனால இப்பவே அவ தலைய தினமும் தடவி பாத்து பயமுறுத்தாதீங்க. ஜீன் டெஸ்ட் மொதல்ல உங்களுக்குத்தான். அடுத்த தடவை ஸ்கின் டாக்டர்கிட்ட போறப்ப அம்மாவையும் கூட்டிட்டு போங்க, காதுக்கு முன்னாடி தாடை பக்கம் வீக்கம் இருந்தா அதையும் காட்டுங்க, எச்சில் சுரப்பியிலயும் சிலருக்கு கட்டி வரும்.