கருப்பை வாய்ப் புற்றுநோய்: சுங்கை சிப்புட் பெண்கள் குழுவின் கேள்வி பதில்
(பதில்: நோயியல் ஆய்வகத்தில் வேலை செய்யும் அக்கா)

ஆறாம் படிவ மாணவி: ஹெச்பிவி கிருமி உள்ளே போய் என்னதான் செய்கிறது அக்கா?

நல்ல கேள்வி, நீட்டியே சொல்கிறேன். ஹெச்பிவி என்பது உடலுறவில் தொற்றும் வைரஸ், இந்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். செல் கண்டபடி பிரியாமல் பிரேக் போடுவது ஆர்பி என்ற புரதம். கிருமியின் ஈ7 புரதம் அதைப் பிடித்துக் கெடுத்துவிடும். ஆர்பி அடக்கி வைத்திருந்த ஈ2எஃப் என்ற நம் செல்லின் புரதம் விடுபட்டு, 'பிரி, பிரி' என்று செல்லை விரட்டும். இதைக் கண்டு பி53 என்ற காவல் புரதம் செல்லை நிறுத்தப் பார்க்கும், இல்லாவிட்டால் சாகச் சொல்லும். அதனால் கிருமியின் இன்னொரு புரதமான ஈ6 நம் செல்லின் நொதி ஒன்றையே கூட்டுச் சேர்த்து பி53-ஐச் சிதைக்க அனுப்பிவிடுகிறது. செல்லுக்கு வயதாகாமல் டெலோமெரேஸ் என்ற நொதியையும் தூண்டிவிடுகிறது. கிருமியின் ஈ5 புரதம் தன் பங்குக்கு, வளர்ச்சிச் சமிக்ஞை வாங்கும் ஏற்பிகளை ஓயவிடாது.

ஈ7-இன் வேலையை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆர்பி செயலிழந்தால் பி16 புரதம் பெருகும். அதற்கான சாயம் போட்ட சதைத் துண்டில் அடியிலிருந்து செல்கள் வரிசையாகப் பழுப்பாகத் தெரியும்.

தோட்டத்து அண்ணன்: மனைவிக்கு ஹெச்பிவி என்றார்கள். யாரிடமிருந்து வந்திருக்கும்?

தெரிந்துகொள்ள வழியில்லை அண்ணே. பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும் கிருமி இது. பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். வீட்டில் சண்டை வேண்டாம், அடுத்த சோதனைக்குத் தவறாமல் கூட்டிப் போங்கள்.

பயோமெடிக் படிக்கும் தங்கை: பி53 மரபணுவே பழுதானால்தானே புற்றுநோய்? விரிவுரையில் அப்படித்தான் சொன்னார்கள்.

பல புற்றுநோய்களில் அப்படித்தான். இங்கே பெரும்பாலும் மரபணு நன்றாகவே இருக்கும், புரதம்தான் அழிகிறது. 1951-இல் ஒரு கருப்பை வாய்ப் புற்றுநோயாளியிடமிருந்து எடுத்து இன்றும் ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா செல்களில் ஹெச்பிவி 18 என்ற வகை இருக்கிறது. ஆய்வகத்தில் அவற்றுக்குள் கிருமியின் ஈ2 புரதத்தைச் சேர்த்தால் ஈ6, ஈ7 அடங்கும், பி53-உம் ஆர்பியும் மீளும், செல்கள் பிரிவதை நிறுத்தும். நோயாளியின் உடம்பில் பல நேரம் நடப்பது இதற்கு நேர்மாறு: கிருமியின் மரபுப்பொருள் நம் குரோமோசோமில் செருகும்போது ஈ2 உடைந்துபோகிறது.

அதே தங்கை: அப்படியென்றால் ஈ2-ஐயே மருந்தாக்கலாமே?

ஒவ்வொரு புற்றுச் செல்லுக்குள்ளும் அதைக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. அதற்குள் காவலில்லாத செல்லில் வேறு மரபணுப் பழுதுகளும் சேர்ந்துவிடும். விடாமல் கேள், இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு தாய்: ஒன்றாம் படிவத்தில் மகளுக்குத் தடுப்பூசி. அதிலிருந்தே நோய் வராதா?

வராது. அதில் கிருமியின் வெளி ஓட்டுப் புரதம் மட்டுமே இருக்கிறது, ஈ6, ஈ7 இரண்டும் இல்லை. நம் மலேசியாவில் 2010-லிருந்து பள்ளிகளில் போடுகிறார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இன்னொரு தாய்: ஊசியில் கிருமி இருக்காதா?

மேலேயே சொல்லிவிட்டேன் அம்மா.

கீழாநெல்லி குடித்தால் போகுமா?

போகாது. சோதனைக்குப் போங்கள்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. வலி, இரத்தம் எதுவுமில்லை. சோதனை எதற்கு?

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒன்றும் தெரியாத காலத்தில்தான் சோதனை. கிருமி தங்கி, புற்றாக மாறப் பல வருடம் ஆகும். அதற்குள் கண்டால், மாறிய பகுதியை மட்டும் எடுத்துவிடலாம். சிறு குச்சியால் மறைவில் நீங்களே மாதிரி எடுக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் மிசியிடம் (தாதியிடம்) கேளுங்கள்.

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று பல வருடம். இப்போது இரத்தம் படுகிறது.

குச்சிச் சோதனைக்குக் காத்திருக்காதே தங்கச்சி. நாளைக் காலையிலேயே டாக்டரிடம் கூட்டிப் போ.