உலகம் அழிந்த பிறகு: நாவலையும் படத்தையும் எதை வைத்து ஒப்பிடுவது?

கேள்வி: தக்கலையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கோர்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டு நான் பேச வேண்டும். இரண்டையும் முடித்துவிட்டேன். 'நாவல்தான் உசத்தி' என்பதைத் தாண்டி எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வருபவர்களில் பாதிப் பேர் ஆங்கில நாவலைப் படித்திருக்க மாட்டார்கள், படம் மட்டும் பார்த்திருப்பார்கள். எந்த அளவுகோலை வைத்துப் பேசுவது?

பதில்: 'நாவல்தான் உசத்தி' என்று ஆரம்பித்தீர்கள் என்றால், படம் மட்டும் பார்த்தவர்கள் அத்தோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவர்களும் சேர்ந்து பேசுகிற மாதிரி ஓர் அளவுகோல் வேண்டும். விடுபட்ட காட்சிகளின் பட்டியலும் அதற்கு உதவாது. ஒரு நாவலை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கும்போது விடுபடத்தான் செய்யும்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பஞ்சாயத்து பழகியதுதான். நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 2002இல் 'சொல்ல மறந்த கதை' ஆனது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 2010இல் 'மகிழ்ச்சி' ஆனது. இதுபோன்ற நாவல்கள் படமாகும்போது இங்குள்ள வாசகருக்கு முதலில் எழும் கேள்வி, நம் ஊர் அதில் இருக்கிறதா, நம் பேச்சு இருக்கிறதா என்பதுதான். நியாயமான கேள்வி. கதை நடக்கும் இரணியலை எடுத்துவிட்டால் 'தலைமுறைகள்' ஏது? ஆனால் 'தி ரோடு' நாவலில் தகப்பனுக்கும் மகனுக்கும் பெயரே கிடையாது. அவர்கள் நடந்துபோகும் ஊர்களும் சாம்பலுக்கு அடியில் ஒன்றுபோலவே கிடக்கின்றன. மண்ணும் பேச்சும் போன பிறகு நடக்கிற கதையை அந்தக் கோலால் அளக்க முடியாது.

இந்த வகைக் கதைகளில் நான் முதலில் பார்ப்பது அந்த உலகத்தின் சட்டத்தை. அங்கே எது செத்துப்போனது, எது மிச்சம், போனது திரும்பி வருமா? நாவலாசிரியர் இதைத் தீர்மானித்துவிட்டார் என்றால் பாத்திரங்கள் செய்கிற நல்லது கெட்டது எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். படம் எடுப்பவர் ஆட்களை மாற்றட்டும், சம்பவங்களை வெட்டட்டும். சட்டத்தில் கை வைத்தால் மட்டும் அது வேறு கதையாகிவிடும்.

'தி ரோடு' 2006இல் வந்த நாவல், மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் சட்டம் கொடூரமானது. மரங்கள் செத்துவிட்டன, பறவை இல்லை, எந்த விதையும் முளைப்பதில்லை. அழிவுக்கு முன்னால் டப்பாவில் அடைத்து வைத்த உணவுதான் மிச்சம். அது தீரத் தீர மனிதன் மனிதனைத் தின்கிறான். இதற்கு நடுவில் 'நாம் நல்லவர்கள்' என்று மகனை நம்பவைத்துக்கொண்டு, தள்ளுவண்டியை உருட்டியபடி தெற்கே கடலை நோக்கி நடக்கிறான் தகப்பன். உலகம் மீளவே மீளாது என்று தெரிந்தும் நல்லவனாக இருக்க வேண்டுமா? நாவல் கேட்பது இதைத்தான்.

ஜான் ஹில்கோட் 2009இல் எடுத்த படம் இந்தச் சட்டத்தைப் பெருமளவு மதிக்கிறது. அழிவு எதனால் வந்தது என்று நாவலைப் போலவே படமும் சொல்வதில்லை. கடைசிவரை பெயர்களும் இல்லை. பென்சில்வேனியாவில் கைவிடப்பட்டுக் கிடந்த நெடுஞ்சாலை, கத்ரீனா புயல் அடித்துப் போட்ட நியூ ஆர்லியன்ஸ் பகுதி என்று நிஜமாகவே சிதைந்த இடங்களில் எடுத்திருக்கிறார்கள். தகப்பனாக வரும் விகோ மார்ட்டென்சனின் ஒடுங்கிய உடம்பு, நாவலில் பல பக்கம் சொல்லும் பசியை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. இதையெல்லாம் தாராளமாகப் பாராட்டிச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வண்டுக்கு வாருங்கள். படத்தில் ஓரிடத்தில் உயிரோடு ஒரு வண்டு பறந்து போகிறது, இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சில விநாடிதான். நாவலில் இந்த வண்டு கிடையாது. என்னைக் கேட்டால் படத்தின் பெரிய மாற்றம் இதுதான். வண்டு இருந்தால் அது தின்ன ஏதோ இருக்கிறது, அப்படியானால் மண் முழுதாகச் சாகவில்லை. அந்தப் பூச்சியோடு நாவலின் சட்டம் உடைகிறது. கடைசியில் பையனை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தோடு படம் ஒரு நாயையும் நிற்கவைக்கிறது, ஆறுதல் கூடுகிறது. நாவலோ அந்தக் குடும்பத்தோடு நிற்காமல் இன்னும் ஒரு பத்தி போகிறது. ஒரு காலத்தில் மலையோடைகளில் ட்ரௌட் மீன்கள் இருந்தன, அவற்றின் முதுகில் உலகத்தின் வரைபடம் போன்ற கோலங்கள் இருந்தன, அப்படி ஒன்றை இனி திரும்பச் செய்ய முடியாது என்று சொல்லி முடிகிறது. பையன் பிழைத்துக்கொள்வான், உலகம் பிழைக்காது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் நாவலின் பலம். படம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

தொடக்கத்திலும் இதே கதைதான். நாவல் இருட்டுக் காட்டில், குளிரில், பக்கத்தில் தூங்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் கையோடு ஆரம்பிக்கிறது. படமோ பூக்கள், வெளிச்சம், மனைவி என்று பழைய வீட்டில் ஆரம்பிக்கிறது. மனைவியின் பங்கையும் கூட்டியிருக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்; ஆனால் அதனால் இழப்பைப் பற்றிய துக்கம் முன்னுக்கு வந்துவிடுகிறது.

நாவலில் நெருப்பில் வாட்டப்பட்ட சிசுவைத் தகப்பனும் மகனும் காணும் பகுதி படத்தில் இல்லை. 'படம் பயந்துவிட்டது' என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நரமாமிசத்தின் பயங்கரத்தை, தின்பதற்காக மனிதர்களை அடைத்து வைத்திருக்கும் நிலவறைக் காட்சி முழுதாகச் சொல்லிவிடுகிறது. எழுத்தில் இரண்டு வரியில் கடந்துபோவதைத் திரையில் காட்டினால் மீதிப் படம் மனதில் ஏறாது. இங்கே சட்டம் மாறவில்லை, காட்சி ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்றியும் சட்டத்தைக் காப்பாற்றிய படத்துக்கு ஓர் உதாரணம் வேண்டுமானால் 'சில்ட்ரன் ஆஃப் மென்' எடுத்துக்கொள்ளுங்கள். பி.டி. ஜேம்ஸ் 1992இல் எழுதிய நாவல், அல்போன்சோ குவாரோன் 2006இல் எடுத்த படம். நாவலில் ஆண்களுக்கு மலட்டுத்தன்மை, படத்தில் பெண்களுக்கு. நாயகன் நாவலில் ஆக்ஸ்போர்டு வரலாற்றுப் பேராசிரியர், படத்தில் சாதாரண அரசு ஊழியர். கர்ப்பமாகும் பெண்ணே வேறு ஆள். ஆனாலும் உலகெங்கும் குழந்தை பிறப்பது நின்றுபோய்விட்டது என்ற சட்டத்தைப் படம் இம்மியும் விடவில்லை. நாவலில் ஒரு தேவாலயத்துக்குள் மான் வந்து நிற்கும். படத்தில் பிள்ளைகளே இல்லாமல் பாழடைந்த பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மான் நடந்து போகிறது. குழந்தை இல்லாத உலகத்தில் எந்தக் கட்டடம் முதலில் வெறிச்சோடும் என்று யோசித்துப் பாருங்கள். மூலத்தை விசுவாசமாகப் பின்பற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, உங்கள் கூட்டத்துக்கே உரியது. குளச்சலிலிருந்தோ மணக்குடியிலிருந்தோ யாராவது வந்தால் இந்தப் படம் அவர்களுக்கு வெறும் கற்பனையாக இருக்காது. 2004 சுனாமியையும் 2017 ஒக்கியையும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள், தாமாகப் பேசினால் கேளுங்கள். நீங்கள் சொல்ல வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. மணக்குடிப் பாலத்தைக் கடல் கொண்டுபோன அந்த நாள்களிலும் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு வெளியூர் லாரிகள் வந்தன. நமக்கு வெளியூர் என்று ஒன்று இருந்தது. 'தி ரோடு' உலகத்தில் வெளியூர் கிடையாது. பேரிடர்க் கதைக்கும் உலகம் அழிந்த கதைக்கும் உள்ள இடைவெளி இதுதான். இதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால் வண்டு ஏன் பெரிய விஷயம் என்பது படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் விளங்கும்.

நாவல் படிக்காதவர்களுக்காக இரண்டு இடங்களை நீங்களே தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ஒன்று, கோக் டப்பா. தகப்பன் பழைய இயந்திரம் ஒன்றுக்குள் கைவிட்டு ஒரே ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறான். முழுவதையும் தனக்கே விடுவதைப் பார்த்த பையன், இனி இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது, அதனால்தானே என்று கேட்டுவிடுகிறான். சட்டம் முழுக்க அந்தக் கேள்வியில் இருக்கிறது. இதைச் சொல்லி முடித்ததும் அதே காட்சியைத் திரையில் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, அவர்கள் கடலை வந்தடையும் இடம். கடல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. நீலமாக இல்லாததற்குத் தகப்பன் பிள்ளையிடம் வருத்தம் தெரிவிக்கிறான். கடல் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்க வேண்டிய இடம் அது. நேரம் போதவில்லை என்றால் மனைவி பாத்திரத்தைப் பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் விடாதீர்கள்.

அடுத்த மாதமும் இதே வழியில் போக நினைத்தால் ரிச்சர்ட் மாதீசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' சரியாக இருக்கும். கொள்ளைநோயில் மற்றவர்கள் எல்லாம் இரத்தக் காட்டேரிகளாகிவிட, தனியே மிஞ்சிய ஒருவனின் கதை. 1954இல் வந்த சிறிய நாவல், 1964, 1971, 2007 என்று மூன்று முறை படமாகியிருக்கிறது. வில் ஸ்மித் நடித்த 2007 படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. தியேட்டரில் வந்த முடிவில் அவன் தியாகி. மாற்று முடிவில், எதிரில் நிற்பவர்களுக்குத் தான்தான் அரக்கன் என்று அவனுக்குப் புரிகிறது. நாவலுக்கு நெருக்கம் இரண்டாவதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிவிட்டு நாவலின் கடைசிப் பக்கத்தைச் சொல்லுங்கள், விவாதம் தானாகவே கிளம்பும்.