மண்சரிவுக்குப் பின் வரும் மோசடிகள்: வாசகர் கேள்வி - பதில்

2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கை மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு நிவாரணத்தின் பெயரால் நடக்கும் ஏமாற்றுகளைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வீடு துப்புரவாக்க அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாவுக்குப் பதியச் சொல்லி வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கொடுத்துவிட்டேன். இப்போது ஓடிபி (போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறை இரகசிய எண்) கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, ஹப்புத்தளை)

கொடுக்க வேண்டாம், சகோதரி. கணக்கு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பணத்தை எடுப்பது கடினம்; பணம் போடத்தான் அது உதவும். ஓடிபி அப்படியல்ல. பணம் வெளியே போவதற்கு நீங்கள் கொடுக்கும் சம்மதம் அது. வந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாக வாசித்துப் பாருங்கள். எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகை என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சில வேளை ஒன்லைன் பேங்கிங் திறப்பதற்கோ, உங்கள் வட்ஸ்அப்பை வேறொரு போனில் போடுவதற்கோ வந்ததாக இருக்கும். ஆங்கிலத்தில் வருவதால் பலர் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

ஓடிபியை ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வங்கி அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்கு எடுத்து அட்டையையும் ஒன்லைன் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு. வந்த மெசேஜ்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி.

லிங்கைப் பார்க்கும் முறை இது: இணைய முகவரியில், தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு முதல் சாய்கோடு (/) வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்குச் சற்று முன்னே 'டொட் கவ் டொட் எல்கே' (.gov.lk) என்று முடிந்தால்தான் அரச தளம். 'கவ்' என்ற சொல் நடுவிலோ தொடக்கத்திலோ மட்டும் இருந்து, முடிவு வேறாக இருந்தால் போலி. செயலி ஒன்றை இறக்கச் சொல்லி ஏபிகே கோப்பு அனுப்பினால் தொடவே வேண்டாம். கியூஆர் படத்தை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்பதும் பொய். ஸ்கேன் செய்கிறவர் பணம் கட்டுகிறவர்.

நிவாரணப் பட்டியல் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறது. சந்தேகம் இருந்தால் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துத் தமிழிலேயே கேட்கலாம். லிங்க் அனுப்பியவர்கள் கொடுத்த எண்ணுக்கு எடுத்து விசாரித்தால், ஆமாம் என்று சொல்வதற்கு அங்கே ஆள் இருப்பான்.

எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பின்னால் மண் வெடித்திருக்கிறது. கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரி என்று ஒருவர் வந்து, 'அபாய வீடு' என்று அறிக்கை தர 3,000 ரூபா கேட்டார். கொடுக்காவிட்டால் பெயர் விடுபடுமா? (வாசகர், ஹட்டன்)

விடுபடாது. அனர்த்தத்துக்குப் பின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்ப்பது பிரதேச செயலகத்தின் ஏற்பாட்டில் நடக்கிறது. அதற்கு வாசலில் நின்று காசு வாங்குவதில்லை. புதிதாகக் கட்டுவதற்கான அனுமதி அறிக்கைக்குக் கட்டணம் உண்டு என்பதைக் காட்டித்தான் பலரைக் குழப்புகிறார்கள். அந்தக் கட்டணத்தையும் அலுவலக முறைப்படி ரசீதோடுதான் கட்ட வேண்டும். வந்தவரிடம் அலுவலக அடையாள அட்டையைக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரோ தோட்ட நிர்வாகத்தின் ஆளோ கூட வந்திருக்கிறாரா என்று பாருங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். நிரப்பியதைக் கொடுக்குமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஆள் பொய்யன் என்பதற்காக வெடிப்பும் பொய்யாகிவிடாது. வெடிப்பு அகலமாகிறதா, மரமோ கம்பமோ சாய்கிறதா, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, நிற்கிறதா? மழையும் இருந்தால் யாருடைய அறிக்கைக்கும் காத்திராமல் இடம் மாறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அறிவியுங்கள். எச்சரிக்கை மூன்று படிகளில் வரும்: மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். வெளியேறும்போது அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அடையாள அட்டை மண்ணோடு போய்விட்டது. 5,000 ரூபாவுக்கு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். (வாசகர், பண்டாரவளை)

வேண்டாம். முதலில் பொலிஸில் தொலைந்த முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தோட்ட முகாமையாளரும் விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தலாம். மிச்சம் பிரதேச செயலகத்தில். தரகரிடம் போன பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதி திரும்பாது. உங்கள் பெயரில் மோசடி செய்யவும் அது உதவலாம்.

பின்சுவரும் கூரைத் தகரமும் போட ஒரு பாஸ் (மேசன்) முழுக் காசையும் முன்பணமாகக் கேட்கிறார். (வாசகி, நாவலப்பிட்டி)

முழுக் காசையும் கொடுக்காதீர்கள். சீமெந்து, தகரம், கம்பியை நீங்களே ஹாட்வெயார் கடையில் வாங்கி, தகரத்தின் நீளமும் தடிப்பும் எழுதிய பில்லை எடுத்து வையுங்கள். கூலியை அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் முடிய முடியக் கொடுங்கள். மலைப்பக்கத் தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைக் குழாயும், பின்னால் கருங்கல் சல்லியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மழை நீர் சுவருக்குப் பின்னால் தேங்கினால் அடுத்த மழையிலேயே சுவர் வீட்டின் மேல் சாயலாம். அவசரத்தில் பிடிக்கும் பாஸ்மார் விடுவது பெரும்பாலும் இந்தக் குழாயையும் சல்லியையும்தான். இறுதிக் கூலியைக் கொடுக்குமுன் குழாய்கள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.