எடை குறைக்கும் ஊசி: போடலாம், ஆனால் ஜிம்மில் வாங்கிப் போடாதீர்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 46, எடை 84 கிலோ, உயரம் 156 செ.மீ. ஆறு வருடமாகச் சுகர், அதற்குக் காலையும் இரவும் ஒரு கூட்டு மாத்திரை, பிபிக்கு ஒரு மாத்திரை. மூட்டு வலி வேறு. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அவர் போகும் ஜிம்மில் பயிற்சியாளர் ஒருவர், "வாரம் ஒரு ஊசி, மூன்று மாதத்தில் இருபது கிலோ" என்று பேக்கேஜ் சொல்லி ஐயாயிரம் ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். வீட்டுக்காரரோ, "கணையம் போய்விடும், நிறுத்தினால் ஏறியதற்கு மேல் ஏறும்" என்கிறார். யார் சொல்வது சரி, போடலாமா வேண்டாமா என்பது கேள்வி.

போடலாம். இந்த மருந்துகள் யாருக்காக வந்தனவோ, அந்த ஆட்களில் நீங்களும் ஒருவர். உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பிஎம்ஐ எண் உங்களுக்கு 34.5 வருகிறது. 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிபி மாதிரி ஏதாவது இருந்தாலோ கொடுக்கலாம் என்பது விதி. உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் அந்த ஜிம் தம்பியிடம் வாங்கி ஒரு சொட்டுக்கூடப் போடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு மருந்தால் வரக்கூடிய ஆபத்தைவிட அதைக் கொடுக்கிற கையால் வரக்கூடிய ஆபத்துதான் பெரியது.

முதலில் மருந்து. சாப்பிட்டவுடன் நம் குடலே ஒரு ஹார்மோனைச் சுரந்து "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. செமாக்ளூடைட் அந்த ஹார்மோனைப் போலவே நடந்துகொள்ளும் மருந்து, கடையில் ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். மௌஞ்சாரோ என்று வருவது டிர்செபடைட், அது இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் செய்கிறது. பசி குறையும், இரைப்பை மெதுவாகக் காலியாகும், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருப்பதும் அடங்கும். மூன்று இட்லி சாப்பிட்டவர் ஒன்றரையில் எழுந்துவிடுவார்.

எவ்வளவு குறையும்? சுகர் இல்லாதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதமும், டிர்செபடைட் உச்ச டோஸில் 72 வாரத்தில் 21 சதவீதம் அளவுக்கும் எடையைக் குறைத்தன. விளம்பரத்தில் ஓடுகிற எண்கள் இவைதான். ஆனால் சுகர் உள்ளவர்களுக்கு இதே மருந்து கொஞ்சம் குறைவாகத்தான் வேலை செய்யும். அவர்களிடம் தனியாகச் செய்த ஆய்வுகளில் முறையே 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும், 15-க்குச் சற்றுக் கீழும்தான் வந்தது. உங்கள் 84 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ, அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு. இது சின்ன விஷயமே இல்லை. எட்டு கிலோ இறங்கினாலே சுகரும் பிபியும் இறங்கும். மூட்டுத் தேய்மானமும் பருமனும் சேர்ந்து இருந்தவர்களை வைத்து 2024-ல் வந்த ஆய்வில் முட்டி வலி நன்றாகவே குறைந்தது. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்து சுகர் இல்லாமல் எடை மட்டும் கூடுதலாக இருந்தவர்களுக்கு, மறுபடி அப்படி வருவது செமாக்ளூடைட்டால் 20 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் நிரூபித்தார்கள். மூன்று மாதத்தில் இருபது கிலோ என்பது மட்டும் எந்த ஆய்விலும் கிடையாது. முதல் மாத டோஸ் உடம்பைப் பழக்குவதற்காகத்தான், செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு நான்கு வாரமாக ஏற்றி முழு டோஸுக்குப் போகவே நான்கு மாதம் ஆகும். அவசரப்பட்டு ஏற்றினால் வாந்திதான் மிச்சம்.

நிறுத்தினால் ஏறுமா? ஏறும், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. நிறுத்திய ஒரு வருடத்தில் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை ஆய்விலேயே பார்த்தார்கள். சராசரியில் பழைய எடையைத் தாண்டவில்லை. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி ஏறுவதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை, இதுவும் அதே மாதிரி நீண்டநாள் மருந்துதான். அதனால் கல்யாணத்தை நினைத்துத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்காவது மாதாமாதம் இந்தப் பணம் கட்டுப்படியாகுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. மாதத்துக்கு நான்கு வேண்டும். செமாக்ளூடைட்டுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், ஆகவே நம் கம்பெனிகளின் மருந்து வரவர விலை இறங்கும். ஆனால் விலை இறங்க இறங்க நடுவில் நிற்கிறவர்கள் பெருகுவார்கள், அதுதான் என் கவலை.

நேற்றுவரை எடை குறைக்கும் மூலிகைப் பவுடர் விற்ற அதே ஆட்கள்தான் இன்று ஊசி விற்கிறார்கள். அந்தப் பவுடர்களில் என்ன இருந்தது? சிபுட்ரமின் என்ற மருந்து, மாரடைப்பு வருகிறது என்று 2011-ல் இந்தியாவில் தடை செய்தது, உலகம் முழுக்க 'ஹெர்பல்' டப்பாக்களில் கலந்து திரும்பத் திரும்பப் பிடிபட்டது. இப்போது ஜிம், அழகு நிலையம், 'வெல்னெஸ் சென்டர்', வாட்ஸப் குழு என்று இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மூன்று விதமாக நடக்கிறது. ஒன்று, நான்கு வாரத்துக்கான பேனா ஊசியை வாங்கி, டயலைத் திருப்பி நான்கு பேருக்குப் போடுவது. முனையை மாற்றிவிட்டேன் என்பார்கள், முனையை மாற்றினாலும் முந்தைய ஆளின் ரத்தம் பேனாவுக்குள் கொஞ்சம் ஏறியிருக்கலாம், ஹெபடைடிஸும் எச்ஐவியும் அந்த வழியாகப் பரவ முடியும். ஒரு பேனா ஒரு ஆளுக்குத்தான், கணவன் மனைவிக்குள்ளும் பகிரக் கூடாது. இரண்டாவது, வெள்ளைப் பவுடர் உள்ள சின்னக் குப்பி, லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி இன்சுலின் சிரிஞ்சில் "பத்து யூனிட் போடுங்கள்" என்பார்கள். ஒரு மில்லி தண்ணீரில் கலந்தால் பத்து யூனிட்டில் ஒரு அளவு மருந்து, இரண்டு மில்லியில் கலந்தால் அதில் பாதி. கலந்தவருக்கே அது தெரிந்திருக்காது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். லேபிளைக் கிழித்திருந்தார்கள், பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, ரப்பர் மூடியில் ஊசி குத்திய ஓட்டைகளை எண்ண முடியவில்லை. நான்கு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சலைன் ஏற்றிச் சரி செய்தோம்.

மூன்றாவது, முழுப் போலி. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி ஒசெம்பிக் பற்றி எச்சரிக்கை விட்டது; பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா என்று பெரிய நாடுகளில் பிடிபட்டவை. ஆஸ்திரியாவில் 2023-ல் போலி ஊசி போட்டுக்கொண்டு சுகர் அடியோடு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உள்ளே இன்சுலின் இருந்திருக்கும் என்று சந்தேகித்தார்கள். அங்கேயே அந்தக் கதி. இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்தை ஜிம் கவுண்டரில் புரோட்டீன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள், கேட்பார் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் தந்த வரிக்கு வருகிறேன். அது கணையம் பற்றியது அல்ல, "காலையும் இரவும் ஒரு கூட்டு மாத்திரை" என்ற வரி. அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பின்னால் திருப்பிப் பாருங்கள். மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைட் என்று இருக்கிறதா? பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் போட்டிருந்தால் பெரும்பாலும் அது கிளிமிபிரைடின் மில்லிகிராம்தான். தமிழ்நாட்டில் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏராளமானவர்களின் அட்டையில் இது இருக்கும். எடை குறைக்கும் ஊசி தனியாக சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் அது இன்சுலினைத் தூண்டும். கிளிமிபிரைட் அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பாதித் தட்டோடு எழுந்தீர்களா என்றெல்லாம் பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஊசி போட்டதும் சாப்பாடு பாதியாகும், மாத்திரை மட்டும் முழுசாக ஓடும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். விடிகாலை மூன்று மணிக்கு நைட்டி நனைகிற மாதிரி வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும், வீட்டில் உள்ளவர்கள் பிபி என்று நினைத்து மோர் கொடுப்பார்கள். மோர் போதாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இதைத் தடுப்பது சுலபம். ஊசி தொடங்கும் அன்றே உங்கள் டாக்டர் கிளிமிபிரைடைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார், முதல் வாரங்களில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்க்கச் சொல்வார். நீங்களாக நிறுத்தாதீர்கள், அப்படி நிறுத்தினால் சுகர் ஏறிக்கொள்ளும். மாத்திரையில் சிடாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின் என்று இருந்தால் அதுவும் இனி தேவையில்லை. இதே வழியில் வேலை செய்கிற சின்ன மருந்து அது, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் காசுதான் வீண். இந்த மாதிரி ஒரு மாத்திரையைக் குறைத்து எழுதுகிற இரண்டு நிமிட வேலையைத்தான் அந்தப் பயிற்சியாளரால் செய்ய முடியாது. வருத்தம் என்னவென்றால், கூட்டம் நெரிகிற ஓபியில் டாக்டருக்கும் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை, பழைய சீட்டையே தேதி மாற்றி எழுதிக்கொடுப்பது பழக்கமாகிவிட்டது. மருந்துப் பெட்டிக்குள் வருகிற துண்டறிக்கை ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். ஊசியை வாழ்நாள் முழுக்கப் போடச் சொல்கிற நாம், அதைப் படிக்கத் தமிழில் ஒரு தாள் கொடுக்க மாட்டோம் என்றால் ஜனங்கள் வாட்ஸப்பை நம்பாமல் யாரை நம்புவார்கள்?

கணையம் பற்றி. கணைய அழற்சி வரலாம், ஆனால் அரிது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்கு இழுத்து, வாந்தியோடு வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பே ஒருமுறை வந்திருந்தால் இந்த ஊசி வேண்டாம். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பைக் கல்லும் வரலாம். குமட்டல், மலச்சிக்கல், ஏப்பம் இவை பலருக்கு வரும், மெதுவாக டோஸ் ஏற்றினால் அடங்கும். 'தைராய்டு இருக்கிறது, போடலாமா' என்று எல்லோரும் கேட்கிறார்கள்: நம் ஊரில் சாதாரணமாக வருகிற, மாத்திரை சாப்பிடுகிற தைராய்டு குறைபாட்டுக்குத் தடை இல்லை, மெடுல்லரி என்ற அபூர்வமான தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால்தான் தடை. உங்களுக்கு ஆறு வருடச் சுகர் என்பதால், தொடங்கும் முன் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுங்கள், சுகர் திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை மோசமாகலாம்.

தசையும் கரையும் என்பதை யாரும் சொல்வதில்லை. இறங்குகிற எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பல்லாத எடை. நம் தட்டில் சோறுதான் முதலில் வயிற்றை நிரப்பும், ஊசி போட்ட பிறகு அத்தோடு கை கழுவிவிடுவீர்கள். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ சுண்டலோ முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். ஜிம்மை விட வேண்டாம், பளு தூக்கும் பயிற்சி இப்போதுதான் மிகவும் தேவை. ஊசியை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய் நிபுணர் அல்லது பொது மருத்துவ நிபுணர் ஒருவரைப் பாருங்கள், மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துப் போங்கள், கிரியாட்டினின், மூன்று மாதச் சுகர் சராசரி இரண்டும் புதிதாக எடுத்திருக்கட்டும். மருந்தைச் சீட்டோடு உரிமம் உள்ள கடையில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, பேட்ச் நம்பர் போட்ட பில்லோடு வாங்குங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அந்த ஐயாயிரத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது குப்பி கையில் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள், திருப்பிக் கொடுத்தால் அது அடுத்த ஆளுக்குப் போகும். அட்டைப் பெட்டியோடு போட்டோ எடுத்துக்கொண்டு, உங்கள் மாவட்டத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு பெற்றதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.